ஓம், அதைத்தான் சொன்னனான்

பாரிஸ், மார்க்ஸ் டோர்மோய்
12 தை (ஜனவரி) 2025

அன்புள்ள தம்பி அரியரத்தினத்துக்கு,

நெருப்புப் பட்ட பெரிய மாதா கோயிலைத் திருத்தித் திறந்து ஒரு மாதம் ஆகுது. போன வருசம் இஞ்சை ஒலிம்பிக் நடந்தது, ஒரே வருசத்தில் நாலு பிரதமர் இருந்தார்கள், அங்கை உங்களுக்கு ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் அடுத்தடுத்து வந்தன. அதற்கு அடுத்த தை இது. திகதியை லாசர் மேலே போட்டிருக்கிறார். எழுத்துத் தெரியாத நான் வருசத்தை இப்படித்தான் பிடித்து வைக்கிறேன்.

உனக்கும் கனகம்மாவுக்கும் பொங்கல் வாழ்த்து. என்ரை சுகம் பரவாயில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியில் முறைப்பாடு சொல்லும். உன்ரை காது டெலிபோனுக்கு ஒத்துவராமல் போனபிறகு நமக்குக் கடிதம்தான். லாசர் மேல்மாடிக்காரர், புதுச்சேரி ஆள், இஞ்சை தபாலில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என்ரை பேச்சைப் புத்தகப் பேச்சாக்குகிறார், தெரியும். அங்கங்கை விடமாட்டேன்.

உன்ரை மகள் நிரஞ்சலா போன கிழமை வந்தாள். பல்கலைக்கழகத்தில் பின்னேரம் ஆரும் வந்து இருந்து கேட்கலாம் என்று ஒரு மெய்யியல் வகுப்பு நடத்தினாளே, காசில்லை என்று அதை நிப்பாட்டிவிட்டார்களாம். வேலைக்கு ஒரு பழுதும் இல்லை, மாணவருக்கு எடுக்கிற வகுப்புகள் இருக்கு. நிப்பாட்டினதை இனி எங்கடை ஆக்களின் கடைத்தெரு லாச்சப்பலுக்குக் கொண்டுவரப் போகிறாள். கலைமாறனின் சாப்பாட்டுக் கடைப் பின்மண்டபம், சனிக்கிழமை பின்னேரம், தமிழிலும் பிரெஞ்சிலும்.

"மெய்யியல் கேக்க லாச்சப்பலிலை ஆர் பிள்ளை வருவினம்?" என்றேன்.

"கோப்பை கழுவுறவையும் வரி கட்டுகினம் பெரியப்பா. அந்த வரியிலைதான் பல்கலைக்கழகம் நடக்குது."

வேலைக்காலம் முழுக்கக் கோப்பை கழுவின எனக்கே சொல்கிறாள். உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
புண்ணியமூர்த்தி

*

யாழ்ப்பாணம்
20 மாசி 2025

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். வாசித்துக் காட்டும் லாசர் ஐயாவுக்கும் எங்கள் வணக்கம்.

நிரஞ்சலாவின் செய்தி எனக்கு நித்திரையைக் கெடுத்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குள் அவள் எதையும் படிப்பிக்கட்டும். அங்கே கதவு இருக்கிறது, வருகிறவன் ஆரென்று தெரியும். சாப்பாட்டுக் கடை மண்டபத்தில் எங்கள் சனத்தை இருத்திக் கேள்வி கேளுங்கள் என்றால், அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேண்டாம் என்று அவளுக்கு எழுதினேன். "அப்பா, உங்கடை பயத்துக்குக் காரணம் சொல்லுங்கோ. காரணம் சரியெண்டால் நிப்பாட்டுறன்" என்று பதில் போட்டாள். காரணம் சொல்ல என்னால் இயலாது.

நீங்கள் குடும்பத்துக்குப் பெரியவர். ஒரு சனிக்கிழமை நேரே போய், எல்லாருக்கும் முன்னால் "போதும்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். குளிருக்குக் கால் உறை போடுங்கள்.

தம்பி
அரியரத்தினம்

*

பாரிஸ்
30 பங்குனி 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரித்ததுக்குச் சந்தோசம். கால் உறை போட்டேன். வகுப்புக்கும் போனேன். காரியம் நடக்கவில்லை. எப்படி நடக்காமல் போனது என்று கேள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாதி எங்கடை ஆக்கள், பாதி அவளின் மாணவர். வகுப்புக்குச் சட்டம் ஒன்றுதான். ஒருத்தர் சொன்னதை மறுக்க விரும்பினால், முதலில் அவர் சொன்னதை நீ திருப்பிச் சொல்லவேணும். அவர் "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் உன்ரை மறுப்பு.

சார்செல்லில் இருந்து வருகிற வசந்தரூபி, கந்தோர்களில் நிலம் துடைக்கிற பிள்ளை, "வரி கட்டாதவனுக்கு வாக்கு எதுக்கு?" என்றாள். ஆன்-சோஃபி என்ற மாணவி பாய்ந்துகொண்டு வந்தாள். நிரஞ்சலா கையைக் காட்டினாள். அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல வசந்தரூபி "இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்று வந்தபோது இரண்டு பேருக்கும் கோபம் ஆறிப்போச்சு, தேத்தண்ணியும் ஆறிப்போச்சு.

நான் எழும்பினேன். "பிள்ளை, இது போதும். நிப்பாட்டு."

சனம் திரும்பிப் பார்த்தது. அவள் முகம் ஒருக்கால் சிவந்தது. பிறகு சிரித்தாள்.

"நல்லது பெரியப்பா. மறுக்கிறதெண்டால், நான் ஏன் இதை நடத்துறன் எண்டு முதல் நீங்கள் சொல்லவேணும்."

"எல்லாரும் வாய் திறந்து கதைக்கவேணும் எண்டு நடத்துறாய்."

"இல்லை. கதைக்கிறதுக்கு எங்கடை சனத்துக்கு ஆரும் படிப்பிக்கவேணுமோ? கேக்கிறதுக்குத்தான் படிப்பிக்கிறன்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நான் இருந்துவிட்டேன். சரியாகத் திருப்பிச் சொல்ல எனக்கு இன்னொரு தவணை போட்டிருக்கு.

(ஐயா சொன்னபடியே எழுதியிருக்கேன். வகுப்புக்கு நானும் கூடப் போனேன், சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். மன்னிக்கணும். — லாசர்)

கனகம்மாவுக்கு என்ரை அன்பு.

அண்ணன்
புண்ணியமூர்த்தி

*

யாழ்ப்பாணம்
25 சித்திரை 2025

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

புத்தாண்டு அமைதியாகக் கழிந்தது. கனகம்மாவுக்குச் சளி, இப்போது குறைவு.

நிப்பாட்டப் போன நீங்கள் மகளிடம் தவணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் என்ன சொல்ல?

அந்தச் சட்டம் அவள் கண்டுபிடித்ததல்ல. கோயில் மடத்துச் சைவ வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான். பரபக்கம் முதல். எதிராளியின் கொள்கையை அவன் வாயால் வந்த மாதிரியே சொல்லிவிட்டுத்தான் எங்கள் பக்கம் பேசலாம். சின்ன வயதில் அவளை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன். யோசித்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. மடத்துக்குள்ளே அது பாடம். வெளியே சனத்துக்கு முன்னால் அது வேறு.

மறுபடி போங்கள். அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிவிட்டாவது மறுத்துப் போடுங்கள்.

தம்பி
அரியரத்தினம்

*

பாரிஸ்
22 ஆனி 2025

அன்புள்ள தம்பிக்கு,

இஞ்சை வெயில் தொடங்கிவிட்டது. சாப்பாடு, நித்திரை ஒழுங்கு. கனகம்மாவின் சளி போச்சோ?

போன திங்கட்கிழமை இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் மெய்யியல் சோதனை எழுதின நாள். நாலு மணித்தியாலம். கேள்வியைத் தொலைக்காட்சியில் வாசிப்பார்கள். பாண் கடைக்கார ழாக் மீதிக் காசைத் தராமல் பிடித்துக்கொண்டு, "மிஸ்யூ, இதுக்கு நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?" என்று என்னட்டைக் கேட்டான். பதினெட்டு வயசில் வாக்குரிமை வருது. அது வருகிற நேரம் பார்த்துப் பிள்ளையை இருத்தி யோசிக்க வைக்கிறார்கள். இது எனக்குப் பிடித்துத்தான் இருக்கு, ஒளிக்கமாட்டேன்.

இரண்டாம் தவணையும் தோற்றேன். "மற்றவன் சொல்லுறதும் சரியெண்டு ஒத்துக்கொள்ள நடத்துறாய்" என்றேன். "இல்லை பெரியப்பா. மற்றவன் சொல்லுறது முழுப் பிழையாவும் இருக்கலாம். என்ன பிழை எண்டு தெரியவேணுமே" என்றாள்.

அது போகட்டும். நீ பயந்த கேள்வி வந்துவிட்டது. வசந்தரூபிதான் கேட்டாள். "எங்கடை ஆக்களே கொன்ற எங்கடை ஆக்களுக்கு ஆர் விளக்கு வைக்கிறது?" ஆரோ அதைப் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் றொஜர் என்னை மறித்தார். கார்த்திகையில் இயக்கத்தில் செத்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகிற நிகழ்ச்சிக்கு ஓடித் திரிகிற ஆள். தமக்கையைக் கடைசிச் சண்டையில் பறிகொடுத்தவர். தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

"அண்ணை, பிள்ளை படிச்ச பிள்ளை. புண்பட்ட சனத்தை ஏன் நோண்டுறா? நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

சத்தம் போட்டிருந்தால் பயந்திருக்கமாட்டேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

உன்ரை பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்
புண்ணியமூர்த்தி

*

பாரிஸ்
18 ஆவணி 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஆடி முழுக்கப் போச்சு, உன்ரை கடிதம் இல்லை. லாசர் தபால்பெட்டியைத் திறக்கிற சத்தத்துக்கு நான் கதவைத் திறக்கிறேன். வருத்தமோ? கனகம்மாவுக்கு ஏதுமோ? மகளைக் கேட்டேன். அம்மா போனில் "எல்லாம் சுகம்" என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறாவாம்.

லாச்சப்பல் பிள்ளையாருக்குத் தேர் வருது. தேங்காய் உடைக்கிற தெருவில் நின்று உன்ரை பேரில் ஒன்று உடைப்பேன். வகுப்புக்கு விடுமுறை. இரண்டு வரி என்றாலும் போடு.

அண்ணன்
புண்ணியமூர்த்தி

*

யாழ்ப்பாணம்
14 புரட்டாதி 2025

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

சுகம். கிணற்றில் தண்ணீர் வற்றியது, தூர்வாரினோம். கூரையில் இரண்டு ஓடு மாற்றினோம். கனகம்மா நெல்லி ரசம் குடிக்கிறாள். பக்கத்து வளவு மாமரத்தில் இந்த முறை காய் இல்லை.

ஆடியில் இரண்டு பேர் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மரியாதையான பிள்ளைகள்.

வகுப்பைப் போனில் படம் பிடிக்கவேண்டாம் என்று நிரஞ்சலாவிடம் சொல்லுங்கள்.

தம்பி
அரியரத்தினம்

*

பாரிஸ்
12 ஐப்பசி 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன்ரை கடிதத்தை லாசரைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பித்தேன். கிணறு, ஓடு, மாமரம். தேத்தண்ணி குடித்த பிள்ளைகளின் பேர் இல்லை, ஆரின் பிள்ளைகள் என்று இல்லை. ஊரில் ஆரின் பிள்ளை என்று சொல்லாமல் நீ ஒருத்தரையும் எழுதினதில்லை. விளங்கிக்கொண்டேன். சீஐடி ஆக்களாய்த்தான் இருக்கும், அந்தப் படத்தைக் காட்டித்தான் விசாரித்திருப்பார்கள். மகளிடம் சொன்னேன், மண்டபத்தில் இனிப் போன் எடுக்கக்கூடாது என்று அன்றைக்கே சொல்லிப்போட்டாள். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொல்லாமல் விடுவதே எனக்கு வேலையாகப் போச்சு.

இந்தக் கிழமை இஞ்சை ஒரு பிரதமர் விட்டுப் போனார், நாலு நாளில் அவரே திரும்பி வந்தார். நேற்று வகுப்பில் அதுதான் பகிடி. அந்தச் சிரிப்போடு நான் எழும்பினேன்.

"பிள்ளை, நான் வாக்குப் போடப் போனால், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு துண்டு மேசையிலை கிடக்கும். எனக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்தால் விடமாட்டினம். மற்றத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டுதான் திரைக்குள்ளை போகவேணும். உள்ளுக்கை தனிய நிண்டு ஒண்டைப் போடுறன், மிச்சம் கையிலை கிடக்கும். போடாத துண்டிலை என்ன கிடக்கெண்டு தெரியாதவன் போட்ட துண்டையும் தெரிஞ்சு போடேல்லை. அது தெரியத்தான் நீ வகுப்பு நடத்துறாய். பல்கலைக்கழகத்துக்குள்ளை கொஞ்சப் பேருக்கு மட்டும் அது தெரிஞ்சால் காணாது. வாக்குப் போடுற எல்லாருக்கும் தெரியவேணும்."

அவள் சொன்னாள்: "ஓம் பெரியப்பா. அதைத்தான் சொன்னனான்."

கை தட்டினார்கள். இனி என்ரை மறுப்பு. கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை. "உங்கடை காரணம் நிண்டால் நான் நிப்பாட்டுறன்" என்று எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தாள்.

என்னட்டை இருக்கிற காரணம் ஒன்றுதான், தம்பி. இந்தியன் ஆமி வாறதுக்கு முதல் வருசம், ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடைப் பொதுக்கூட்டம். இயக்கப் பெடியள் சங்கத்து அரிசியைக் கேட்டு வந்து நின்றார்கள். தலைவர் சட்டப்படி, "எதிர்க்கிறவை கையைத் தூக்குங்கோ" என்றார். மூட்டை தூக்குகிற நான் அங்கத்தவன் இல்லை, வாசலில் நின்றேன். ஐந்து கை எழும்பினது. கடைசியாக எழும்பினது உன்ரை கை. அதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லட்டோ?

அண்ணன்
புண்ணியமூர்த்தி

*

யாழ்ப்பாணம்
8 கார்த்திகை 2025

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள். லாசர் ஐயா இதை மனதோடு வைத்திருக்க வேண்டும்.

மற்ற நாலு பேரையும் சொல்லுங்கள். என்னைச் சொல்லவேண்டாம்.

வந்து போனவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எத்தனையோ வருடம் இந்த ஊரில் என்னைத் துரோகி என்று ஒரு சொல்லில் கூப்பிட்டார்கள். பேசாமல் இருந்து இருந்து அந்தச் சொல் அழிந்தது. நிரஞ்சலா பிறந்தது அதற்குப் பிறகு. அவளுக்கு அப்பா என்றால் ஒதுங்கிப் போகிற மனிதன். அப்படியே இருக்கட்டும். அப்பாவும் கை தூக்கினவர் என்று தெரிந்தால் அவள் ஒருநாளும் வகுப்பை நிப்பாட்டமாட்டாள். நாலு பேருக்கும் நடந்ததை மட்டும் கேட்டால் நிப்பாட்டுவாள்.

என் பிள்ளை ஒன்றுதான், அண்ணா.

தம்பி
அரியரத்தினம்

*

பாரிஸ்
30 கார்த்திகை 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் கனகம்மாவும் சுகமாயிருக்கவேணும். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். லாசரும் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்.

மண்டபம் நிரம்பியிருந்தது. விளக்கு நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாள். றொஜரும் வந்து பின்வரிசையில் இருந்தார். நான் எழும்பி அந்தக் கூட்டத்தைச் சொன்னேன். பிறகு கை தூக்கினவர்களைச் சொன்னேன்.

வல்லிபுரம், சங்கக் கடை மனேஜர். அதே கிழமை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். சைக்கிளில் போனார், சைக்கிள் மட்டும் வந்தது.

யோனாஸ், மீன் வியாபாரி. "கேள்விக்காரன்" என்று பேர் எடுத்தவர். இந்தியன் ஆமி சுற்றி வளைத்தபோது, சாக்கு மூடின தலையாட்டி அவருக்கு முன்னால் தலையை ஆட்டினான், அதோடு அவரைக் கொண்டுபோனார்கள், பிறகு ஆள் இல்லை.

செல்லாச்சி, அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பொம்பிளை. அதற்குப் பிறகு ஒரு வீட்டு வாசலும் அவவுக்குத் திறக்கவில்லை. எல்லாரும் இடம்பெயர்ந்த அன்று மழையில் தனிய நடந்தா. கைதடி ஊரில் விழுந்தா, பிறகு எழும்பவில்லை.

சின்னராசா. கனடாவில், கட்டிலில் செத்தார், இரண்டு வருசத்துக்கு முதல். பேரப்பிள்ளைகள் ஒருத்தருக்கும் அவர் கை தூக்கின கதை தெரியாது.

"கேள்வி கேக்கப் படிப்பிக்கிறது லேசு" என்றேன். "கேட்டவனுக்குப் பக்கத்திலை ஆர் நிப்பினம்? பல்கலைக்கழகத்துக்கு மதில் இருக்கு. இஞ்சை மதில் இல்லை. அதாலை நிப்பாட்டு, பிள்ளை."

நிரஞ்சலாவின் முகம் வெளுத்துப்போனது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் றொஜர் எழும்பிவிட்டார்.

"அண்ணை, இது எங்களைக் குற்றவாளியாக்கிற கதை. நான் மறுக்கப்போறன்."

அவள் தன்ரை பதிலை விழுங்கிவிட்டு, "றொஜர் அண்ணை, முதல் பெரியப்பா சொன்னதைச் சொல்லுங்கோ" என்றாள்.

அவர் எரிச்சலோடுதான் தொடங்கினார். "சட்டப்படி கேட்டதுக்குச் சட்டப்படி கை தூக்கினவை. வல்லிபுரம், சைக்கிள் மட்டும் வந்தது. யோனாஸ், தலையாட்டி. செல்லம்மா..."

"செல்லாச்சி" என்றேன்.

"செல்லாச்சி. மழையிலை, தனிய. சின்னராசா, கட்டிலிலை, கதை தெரியாமல்." அவருடைய குரல் போகப்போக இறங்கினது. "அவைக்கு நாங்கள் மறுமொழி சொல்லேல்லை. சொல்லக்கூட நினைக்கேல்லை. பக்கத்திலை நிக்க ஆள் இல்லாத இடத்திலை கேள்வி கேக்கப் படிப்பிக்கக்கூடாது. அதுதானே அண்ணை?"

தம்பி, அவ்வளவு வடிவாக நானே சொல்லவில்லை. "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அவள் வாக்குக் கொடுத்தவள், நிப்பாட்டியிருப்பாள். நீ கேட்ட காரியம் நடந்திருக்கும். வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. நாலு பேரோடு அந்தக் கதை பொய். ஒத்துக்கொண்டால் அந்த மண்டபமே அதை மெய் என்று வீட்டுக்குக் கொண்டுபோகும்.

"பெரியப்பா? சரியோ?" என்றாள் நிரஞ்சலா.

"இல்லை" என்றேன். "ஒராள் குறையுது."

"நீங்கள் நாலு பேரைத்தானே சொன்னனீங்கள்?" என்றார் றொஜர்.

"நான் முழுக்கச் சொல்லேல்லை தம்பி. வாசலிலை நிண்டு கண்டது ஐஞ்சு கை. ஐஞ்சாவது ஆள் இருக்கிறார். ஊரை விட்டு ஓடேல்லை. ஊரிலை, அதே வளவிலை இருக்கிறார்."

இதை எழுதுகிற லாசர் பேனையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதும் ஐயா என்கிறேன்.

"ஆர் பெரியப்பா அது?"

"உன்ரை அப்பா" எண்டன். "அரியரத்தினம்."